முட்டையைப் பிடித்து வைத்திருப்பது எது?

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் கரையோரமாக வாழ்கிறவர்களுக்கு இறால் பண்ணை புதிதல்ல. ஆராச்சிக்கட்டு, உடப்பு, முந்தல் என்று களப்பை ஒட்டிப் போனால் சதுரம் சதுரமாகத் தொட்டிகள்தான். ஆனால் அந்தத் தொட்டிகளுக்குக் குஞ்சு கொடுக்கும் பொரிப்பகங்களில் நடக்கும் ஒரு வேலையைக் கேள்விப்பட்டால் உள்ளூர்க்காரரும் முகம் சுளிப்பார்கள். தாய் இறால் முட்டைக்கு வர வேண்டுமென்றால் அதன் ஒரு கண்ணை எடுத்துவிட வேண்டும்.

கடலில் பிடித்து வந்த பெரிய புலி இறாலைத் தொட்டியில் விட்டு, ஓடு கடினமாக இருக்கும் நாள் பார்த்து, ஒரு பக்கக் கண்காம்பை நசுக்குவார்கள். அல்லது நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். அல்லது சூடான இடுக்கியால் சுட்டு எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு இரவும் தண்ணீருக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். முதுகோடு ஓடும் சூலகம் முதலில் மெல்லிய நிழலாகத் தெரியும். நாள் போகப் போக அது தடித்துக் கரும்பச்சையாகும். வயிற்றின் முதல் கண்டத்தில் அந்த நிழல் வைர வடிவில் அகன்றுவிட்டால் முட்டை இறங்கும் நேரம் வந்துவிட்டது. தொட்டியில் மாதக்கணக்காகக் கிடந்தும் முட்டைக்கு வராத இறால், கண்ணை எடுத்த சில நாட்களிலேயே இலட்சக்கணக்கில் முட்டை இடுகிறது.

கண்ணுக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் பெண்ணின் சூலகத்துக்குள், அங்கே ஒரு முட்டை 40 வருடம்கூடக் காத்துக் கிடக்கும் இடத்துக்கு, போய்ச் சேரலாம்.

கண்காம்புக்குள் ஒரு சுரப்பி

இறாலின் கண்காம்பு வெறும் தாங்கு கம்பு அல்ல. அதற்குள் நரம்புக் கலங்களும் அவற்றின் சுரப்பைச் சேர்த்து வைக்கும் சிறு சுரப்பியும் இருக்கின்றன. அங்கிருந்து இரத்தத்தில் இறங்கும் ஓமோன்களில் ஒரு வகை, சூலகத்தில் மஞ்சட்கரு சேர்வதைத் தடுக்கிறது. 1943இல் பிரான்சைச் சேர்ந்த பனூஸ் என்ற ஆய்வாளர் சிறு இறால் இனமொன்றின் கண்காம்புகளை அகற்றியபோது சூலகம் விரைந்து பருத்ததைப் பதிவு செய்தார். பிற்காலத்துப் பொரிப்பகத் தொழில் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் கட்டப்பட்டது.

ஆக, கண்ணை எடுத்ததால் சூலகத்துக்குப் புதிதாக எந்தச் சக்தியும் வந்துவிடவில்லை. அது முன்பே ஆயத்தமாக இருந்தது. அதைப் பிடித்து வைத்திருந்த பொருள் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு கண்ணை மட்டும் எடுப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டையும் எடுத்தால் ஓடு கழற்றுவது, உப்பைச் சமன் செய்வது, இரத்தச் சர்க்கரை என்று எல்லாக் கட்டுப்பாடும் ஒன்றாகக் குலைந்து இறால் செத்துப் போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கண்ணெடுப்பது தவிர்க்க முடியாத கொடுமை என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வன்னமெய் என்ற இறால் இனத்தில் பரிசோதித்து, கண்ணெடுக்காத தாய்களின் குஞ்சுகள் நோய்க்குக் கூடுதலாகத் தாக்குப் பிடிப்பதைக் காட்டியிருக்கிறார்கள். நல்ல தீனும் பொறுமையும் இருந்தால் கத்தி வேண்டாம் என்ற நிலை வந்திருக்கிறது. வெண்புள்ளி நோயால் எத்தனையோ தடவை நொடிந்துபோன நம் கரையோரம் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கண்காம்பு ஓமோன்களின் குடும்பம் கலத்துக்குள் பேசுவது வளைய ஜி.எம்.பி. என்ற சின்னஞ்சிறு மூலக்கூறின் வழியாக. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறாலின் முன்னோரும் நம் முன்னோரும் கிளை பிரிந்து 50 கோடி வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனால் அதே மூலக்கூறு பாலூட்டியின் சூலகத்திலும் முட்டையை நிறுத்தி வைக்கும் வேலையில்தான் இருக்கிறது. நிறுத்தப்படும் வேலை மட்டும் வேறு. இறாலில் மஞ்சட்கரு சேர்வது நிற்கிறது. பாலூட்டியில் நிற்பது முட்டைக் கலத்தின் பிரிவு.

பிறக்கும் முன்பே தொடங்கிய வேலை

தாய் வயிற்றில் இருக்கும் பெண் சிசுவின் சூலகங்களில் 20ஆவது வாரமளவில் 60 முதல் 70 இலட்சம் முட்டைக் கலங்கள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம். வயசுக்கு வரும்போது 3, 4 இலட்சம். வாழ்நாள் முழுவதிலும் சூலகத்தை விட்டு வெளியேறுவது ஏறக்குறைய 400தான். மிச்சமெல்லாம் இடையிலேயே அழிந்து போகின்றன.

இந்தக் கலங்கள் தங்கள் நிறமூர்த்தங்களைப் பாதியாகக் குறைக்கும் பிரிவை, அதாவது ஒடுக்கற்பிரிவை, சிசுப் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றன. தொடங்கி, முதற் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. பிறகு ஒரு மாதத்தில் ஒன்றுதான் அந்தப் பிரிவைத் தொடர்கிறது. 12 வயதில் தொடர்ந்ததும், 45 வயதில் தொடர்ந்ததும் ஒரே காலத்தில் தொடங்கியவை.

பாலூட்டிகளிடையே இது பொது வழக்கம். கற்பிட்டித் தெருக்களில் தன்பாட்டில் திரியும் கழுதையும், பட்டியில் நிற்கும் ஆடும், கந்தக்குழிக்கு வெளியே ஆழ்கடலில் கூட்டமாகத் துள்ளும் டொல்பினும் இதே மாதிரித்தான். புத்தளம் களப்பிலும் போர்த்துக்கல் குடாவிலும் கடற்புல் மேயும் கடற்பசுவை, அதாவது ஆவுளியாவை, எடுத்துக்கொள்ளுங்கள். அது முதற் கன்று ஈனுவதற்கே 6 முதல் 17 வருடம் ஆகும். அதன் பிறகும் சில வருடங்களுக்கு ஒரு கன்றுதான். 70 வருடம் வரை வாழக்கூடிய விலங்கு. அதன் முட்டைகளில் சில பல பத்து வருடங்கள் அந்த நிறுத்தத்திலேயே இருக்க வேண்டும். வலையில் ஒரு தாய்க் கடற்பசு சிக்கிச் செத்தால் அந்த இழப்பை ஈடு செய்ய ஏன் இத்தனை காலம் பிடிக்கிறது என்பதற்கு இந்த மெதுவான கணக்கே போதுமான விளக்கம்.

இவ்வளவு காலம் ஒரு கலத்தை அழியவும் விடாமல், முன்னேறவும் விடாமல் வைத்திருப்பது எது?

வெளியே எடுத்தால் ஓடுகிறது

முதல் தடயம் 1935இல் கிடைத்தது. அமெரிக்காவின் ஹார்வார்டில் கிரகரி பின்கஸும் என்ஸ்மனும் முயலின் சூலகத்திலிருந்து முட்டைகளைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தார்கள். பிற்காலத்தில் கருத்தடை மாத்திரையால் உலகப் புகழ் பெற்ற பின்கஸ்தான் இவர். அந்த முட்டைகளுக்கு எந்த ஓமோனும் கொடுக்கவில்லை. ஆனாலும் அவை நிறுத்தத்தை உதறிவிட்டுத் தாமாகவே பிரிவைத் தொடர்ந்தன.

சூலகத்துக்குள் ஒவ்வொரு முட்டையும் தனியாக இல்லை. அதைச் சுற்றிப் பல அடுக்குக் கலங்கள் வளர்ந்து, நீர் நிரம்பிய ஒரு சிறு பை உருவாகிறது. இதைப் புடைப்பு என்பார்கள். அந்தப் புடைப்பிலிருந்து பிரித்ததும் முட்டை ஓடத் தொடங்குகிறது என்றால், பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள கலங்கள்தான். கண்காம்பை எடுத்த இறாலின் கதைதான் இதுவும்.

இங்கிலாந்தில் றொபேர்ட் எட்வேர்ட்ஸ் இதையே மனித முட்டையில் செய்து பார்த்தார். மனித முட்டைக்கு 12 மணி நேரம் போதும் என்று பின்கஸ் எழுதி வைத்திருந்தார். அதை நம்பி 12 மணியில் பார்த்தால் முட்டை அசையாமல் கிடந்தது. சத்திர சிகிச்சையில் அகற்றப்படும் சூலகத் துண்டுகள் எப்போதாவதுதான் கிடைக்கும். ஒவ்வொரு முட்டையும் அரிது. எட்வேர்ட்ஸ் கூடுதல் நேரம் காத்திருக்கத் துணிந்தார். ஏறக்குறைய 25 மணி நேரத்தில் நிறமூர்த்தங்கள் நகரத் தொடங்கியிருந்தன. மாடு, செம்மறி, பன்றி, குரங்கு, மனிதர் என்று எல்லாவற்றிலும் முட்டை தானாகவே தொடர்வதை 1965இல் அவர் வெளியிட்டார். அந்தப் பொறுமை 1978இல் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையிலும், 2010இல் நோபல் பரிசிலும் போய் முடிந்தது.

தொட்டியின் நீர்மட்டம்

அடுத்த கேள்வி: சுற்றியுள்ள கலங்கள் என்னத்தால் பிடிக்கின்றன?

அமெரிக்கரான ஏர்ல் சதர்லண்ட் 1950களில் வளைய ஏ.எம்.பி. என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்தார். ஓமோன் கலத்தின் வெளிச்சுவரில் வந்து தட்டும், உள்ளே போகாது. உள்ளே செய்தியைக் கொண்டு போவது இந்த மூலக்கூறு. முன்பு பெயர் சொன்ன வளைய ஜி.எம்.பி. இதன் உறவு. இவற்றை ஆக்குவதும் அழிப்பதும் நொதியங்கள்.

உடப்புப் பக்கத்து இறால் தொட்டி ஒன்றை நினையுங்கள். ஒரு பக்கம் பம்பு களப்பு நீரை ஏற்றுகிறது. மறு பக்கம் மதகு வெளியே விடுகிறது. பம்பின் வேகத்தை மட்டும் வைத்து நீர்மட்டத்தைச் சொல்ல முடியாது. மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கலத்துக்குள் பம்பு என்பது ஆக்கு நொதியம். மதகு என்பது வெட்டு நொதியம். வெட்டு நொதியத்துக்கு வேதியியலார் வைத்த பெயர் பொஸ்போடைஎஸ்தரேஸ். வளைய மூலக்கூறின் வளையத்தை வெட்டி அதைச் செய்தி சொல்ல முடியாததாக்குவது அதன் வேலை. பாலூட்டிகளில் இவ்வகை நொதியங்களுக்கு 11 குடும்பங்கள். 1 முதல் 11 வரை இலக்கமிட்டு வைத்திருக்கிறார்கள்.

1974இல் எலி முட்டைகளைப் பிரித்தெடுத்து, கலத்துக்குள் புகக்கூடியதாக மாற்றிய வளைய ஏ.எம்.பி.யைக் கிண்ணத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். முட்டைகள் நின்றுவிட்டன. கிண்ணத்தைக் கழுவியதும் ஓடின. முட்டைக்குள் வளைய ஏ.எம்.பி.யின் மட்டம் உயர்ந்திருக்கும் வரை பிரிவு நிற்கும் என்பது தெளிவாயிற்று.

ஆனால் இதிலேயே ஒரு பெரிய சிக்கல் இருந்தது. மாதத்தின் நடுவில் மூளையடிச் சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஓமோன் பெருகி வருகிறது. முட்டையின் நிறுத்தத்தை முடித்து வைப்பது அதுதான். அந்த எல்.எச். புடைப்பில் என்ன செய்கிறது என்று அளந்தால், வளைய ஏ.எம்.பி.யை ஏற்றுகிறது! முட்டையை நிறுத்தி வைக்கும் பொருளைக் கூட்டியா முட்டையை ஓட வைக்கிறது? இருபது வருடத்துக்கு மேலாக இந்த முரண்பாடு ஆய்வாளர்களை அலைக்கழித்தது.

இரண்டு மருந்து, எதிரெதிர் விளைவு

1996இல் வெளிவந்த ஒரு பரிசோதனை இதை அவிழ்த்தது. செய்தவர்கள் இஸ்ரேலின் அலெக்ஸ் சஃப்ரிரியும் அமெரிக்காவின் மார்கோ கொன்ரியும் அவர்களது கூட்டாளிகளும். இந்த அத்தியாயத்தில் நான் மிக நேசிக்கும் பகுதி இது. கையாண்ட பொருட்கள் மிகவும் எளியவை.

பெண் எலியின் சூலகத்திலிருந்து முட்டையோடு முழுப் புடைப்புகளைப் பிரித்தெடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். கையில் இரண்டு வகை மருந்து. ஒன்று 4ஆம் குடும்ப வெட்டு நொதியத்தை மட்டும் தடுப்பது. மற்றது 3ஆம் குடும்பத்தை மட்டும் தடுப்பது. இரண்டும் மதகை அடைக்கும் மருந்துகள்தான். ஆகவே இரண்டும் வளைய ஏ.எம்.பி.யை உயர்த்த வேண்டும்; இரண்டும் ஒரே விளைவைத் தர வேண்டும்.

நடந்தது அதுவல்ல. 4ஆம் குடும்பத்தைத் தடுத்ததும், எல்.எச். ஓமோன் இல்லாமலே, முட்டைகள் ஓடத் தொடங்கின. 3ஆம் குடும்பத்தைத் தடுத்ததும், எல்.எச். கொடுத்த பிறகும்கூட, முட்டைகள் அசையவில்லை.

விளக்கத்தைத் தேடிச் சூலகத்தைத் தாளிலும் மெல்லிய சீவல்களாக வெட்டினார்கள். ஒரு நொதியத்தை ஆக்கும் கலத்தில் அதற்கான செய்தி ஆர்.என்.ஏ. இருக்கும். அதனுடன் மட்டும் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கத் துணுக்கைத் தயாரித்துச் சீவலின் மேல் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். பிறகு புகைப்படப் பூச்சைப் பூசி இருட்டில் வைத்தால், துணுக்கு ஒட்டிய இடங்களில் வெள்ளி மணிகள் படியும். நுணுக்குக்காட்டியில் அவை திட்டாகத் தெரியும். 4ஆம் குடும்பத்துக்கான திட்டு சுற்றுக் கலங்களில் படிந்திருந்தது. 3ஆம் குடும்பத்துக்கான திட்டு நடுவில், முட்டையின் மேல், வட்டமாக விழுந்திருந்தது.

ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான ஒரே பைக்குள் இரண்டு தனித்தனி மட்டங்கள்! எல்.எச். ஏற்றுவது சுற்றுக் கலங்களின் மட்டத்தை. அங்கே மட்டம் உயர்வது முட்டைக்கு விடுதலைச் செய்தி. முட்டைக்குள் இருப்பது வேறு மட்டம். அது இறங்கினால்தான் ஓட்டம். முழுப் புடைப்பையும் அரைத்து ஒன்றாக அளந்த காலத்தில் இந்த இரண்டும் கலந்து போயின. அளந்த எண் சரிதான். அது எந்தக் கலத்தின் எண் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

2004இல் கொன்ரியின் குழு இன்னொரு படி ஏறியது. 3ஆம் குடும்பத்தில் முட்டைக்குரிய நொதியத்தின் மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்தார்கள். பெண் எலிகள் ஆரோக்கியமாக இருந்தன. வழக்கமான எண்ணிக்கையில் முட்டைகளும் சூலகத்தை விட்டு வெளியேறின. ஆனால் ஒரு குட்டியும் இல்லை. வெளியேறிய அத்தனை முட்டைகளும் பழைய நிறுத்தத்திலேயே இருந்தன. விந்தைச் சந்தித்தும் பயனில்லை.

மதகை அடைத்து வைப்பது யார்?

இப்போது கணக்கில் ஒரு ஓட்டை தெரிகிறது. முட்டை தனக்கு வேண்டிய வளைய ஏ.எம்.பி.யைத் தானே ஆக்குகிறது. அதை ஓயாமல் தூண்டும் வாங்கிப் புரதம் ஒன்று முட்டையின் சுவரில் இருப்பதை 2004இல் லிசா மெல்மன் காட்டினார். அப்படியானால் பம்பு எப்போதும் ஓடுகிறது. வெட்டு நொதியமும் முட்டைக்குள்ளேயே நிறைய இருக்கிறது. மதகு திறந்திருந்தால் மட்டம் ஏறவே ஏறாது. யாரோ மதகை அடைத்து வைத்திருக்க வேண்டும்.

அடைத்து வைப்பது வளைய ஜி.எம்.பி. அது வெட்டு நொதியத்தின் வெட்டும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த மூலக்கூறு முட்டைக்குள் ஆக்கப்படுவதில்லை. சுற்றுக் கலங்களிலிருந்து வருகிறது. பக்கத்துப் பக்கத்துக் கலங்களை இணைக்கும் நுண்ணிய துளைகள் உண்டு. சுற்றுக் கலங்கள் மெல்லிய நீட்சிகளை முட்டையின் தடித்த உறைக்கூடாக நீட்டி அதன் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. தொடும் இடங்களிலும் அதே துளைகள். அவற்றின் வழியாக மூலக்கூறு உள்ளே பரவுகிறது. 2009இல் றேச்சல் நோரிஸும் லோரிண்டா ஜாஃபேயும் இதை வெளியிட்டார்கள்.

அடுத்த வருடமே ஜோன் எப்பிக்கின் ஆய்வுக்கூடம் இன்னும் நுணுக்கமான இட அமைப்பைக் கண்டது. புடைப்பின் வெளிச்சுவரில் உள்ள கலங்கள் சி.என்.பி. என்ற சிறு புரதத்தைச் சுரக்கின்றன. முட்டையை நெருங்கிச் சூழ்ந்த கலங்களில் அதற்குரிய வாங்கி இருக்கிறது. அந்த வாங்கியே ஒரு நொதியமும்கூட. அதன் தலை கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு சி.என்.பி.யைப் பிடிக்கிறது. வால் உள்ளே இருந்துகொண்டு வளைய ஜி.எம்.பி.யை ஆக்குகிறது. சுவரில் ஒன்று சுரக்க, நடுவில் ஒன்று பிடித்து ஆக்க, முட்டைக்குள் ஒன்று அடைபட்டு நிற்க, மூன்று இடங்களில் மூன்று புரதங்கள். எந்த ஒன்றை நீக்கினாலும் முட்டை காலத்துக்கு முன்பே ஓடிவிடும், அல்லது காலம் வந்தும் ஓடாது.

ஒரு நிமிடமும் இருபது நிமிடமும்

எல்.எச். வந்து சேரும் வாங்கிகள் வெளிச்சுவர்க் கலங்களில்தான் உள்ளன. அங்கிருந்து முட்டை வரை பத்து அடுக்குக் கலங்கள்கூட இருக்கலாம். செய்தி எப்படி உள்ளே போகிறது?

லேயா ஷுஹைபரும் ஜாஃபேயின் குழுவினரும் வளைய ஜி.எம்.பி.யைப் பிடித்தால் ஒளிரும் நிறம் மாறும் புரதத்தை எலிகளில் புகுத்தி, உயிருள்ள புடைப்பை நேரடியாகப் பார்த்து 2015இல் பதில் சொன்னார்கள். எல்.எச். படுவதற்கு முன் புடைப்பு எங்கும் ஒரே உயர்ந்த மட்டம். பட்ட ஒரு நிமிடத்துக்குள் வெளிச்சுவரில் மட்டம் இறங்கத் தொடங்குகிறது. ஏனென்றால் எல்.எச். அங்குள்ள ஆக்கு நொதியத்தை அடக்கிவிடுகிறது. வெளியே குறைந்ததும், முட்டைக்குள் இருந்த மூலக்கூறுகள் அதே துளைகள் வழியாக வெளியே பரவிப் போகின்றன. 20 நிமிடத்தில் புடைப்பு முழுவதும் மட்டம் இறங்கிவிட்டது.

எனக்கு இது வியப்பைத் தருவது ஏன் என்றால், உள்ளே எதுவும் அனுப்பப்படவில்லை. உள்ளே இருந்தது வெளியே போனதே செய்தி. அடைப்பு நீங்கி வெட்டு நொதியம் வேலையைத் தொடங்குகிறது, வளைய ஏ.எம்.பி. சரிகிறது; பல வருடம் நின்ற பிரிவு தொடர்கிறது. குழந்தைப் பேறு சிகிச்சைக்குப் போனவர்களுக்கு இதன் பின்பாதி தெரிந்திருக்கும். ‘ட்ரிகர் ஊசி’ போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டையை எடுக்க வரச் சொல்வார்கள். ஊசியில் இருப்பது எல்.எச்.சின் வேலையைச் செய்யும் ஓமோன். நேரத்தை மணிக்கணக்காகச் சொல்ல முடிவது, எட்வேர்ட்ஸ் கிண்ணத்தின் முன் காத்திருந்ததால்.

சில பெண்களுக்கு, முக்கியமாகப் பி.சி.ஓ.எஸ். என்ற சூலகக் கோளாறு உள்ளவர்களுக்கு, கடுமையான ஊசி மருந்துகள் ஆபத்தாகலாம். அவர்களிடமிருந்து முதிராத முட்டைகளையே எடுத்து வெளியே முதிர வைக்கும் முறை ஒன்று உண்டு. அதில் நெடுங்காலத் தொல்லை பின்கஸ் கண்ட அதே அவசரம்தான். வெளியே எடுத்ததும் முட்டை தன் உட்பொருட்களைச் சேர்த்து முடிக்கும் முன்பே பிரிவைத் தொடர்ந்துவிடும். இப்போது பிரசல்ஸிலும் வியட்நாமின் ஹோ சி மின் நகரிலும் கிண்ணத்தில் முதலில் சி.என்.பி.யைச் சேர்த்து முட்டையை ஒரு நாள் நிறுத்தி வைத்து, பிறகு விடுகிறார்கள். சூலகச் சுவர் செய்யும் வேலையைக் கிண்ணத்தில் செய்கிறார்கள். அப்படிப் பிறந்த குழந்தைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அதே நொதியம், வேறு உறுப்பு

முட்டைக்குள் வெட்டு நொதியத்தைத் தடுத்தால் கருத்தடை ஆகுமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றியது. 1998இல் எலிகளில் செய்து பார்த்தபோது இனப்பெருக்கச் சக்கரம் குழம்பவில்லை, முட்டை வெளியேறியது, கரு மட்டும் தங்கவில்லை. ஓமோன் இல்லாத கருத்தடை! ஆனால் அது மருந்துக் கடைக்கு வரவில்லை.

தடை இதயத்தில் இருக்கிறது. 3ஆம் குடும்ப நொதியம் முட்டையில் மட்டுமா உண்டு? இதயத் தசையிலும் இரத்த வட்டுகளிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் உண்டு. சூலக ஆய்வாளர்கள் முட்டையை நிறுத்தப் பயன்படுத்திய மில்றினோன் உண்மையில் இதயம் தளர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் மருந்து. அதை மாத்திரையாக நீண்ட நாள் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை 1991இல் முடிவைச் சொன்னது: மருந்து எடுத்தவர்களில் இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. தளர்ந்த இதயத்தைப் பற்றிய முடிவுதான் அது. ஆனாலும் ஆரோக்கியமான இளம் பெண்ணிடம் இதே குடும்ப மருந்தை வருடக்கணக்காக விழுங்கச் சொல்ல எவருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

சி.என்.பி.யின் வாங்கியும் அப்படித்தான். சூலகத்தில் அது முட்டையை நிறுத்துகிறது. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் அதே வாங்கி எலும்பை நீளச் செய்கிறது. இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான பிரதியைப் பெற்ற பிள்ளைகள் மிகக் குட்டையாகிறார்கள். இந்த வாங்கியைத் தூண்டும் வொசோரிடைட் என்ற ஊசி 2021இல் குள்ளத்தன்மையின் ஒரு வகைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

ஆண் பக்கம்

விந்திலும் இதே வகைப் பிடித்து வைத்தல் உண்டு. விதையின் மேல் சுருண்டு கிடக்கும் குழாயில் விந்துக் கலங்கள் ஏறக்குறைய அசையாமல் சேமிக்கப்படுகின்றன. அங்கே இருகாபனேற்று உப்பு குறைவு. வெளியேறும்போது மற்றச் சுரப்பிகளின் நீரோடு கலந்ததும் அந்த உப்பு பல மடங்கு கூடுகிறது. விந்துக் கலத்துக்குள் அந்த உப்பை நேராக உணர்ந்து வளைய ஏ.எம்.பி.யை ஆக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. நியூயோர்க்கின் ஜோகன் பக்கும் லோனி லெவினும் 1999இல் எலியின் விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். முட்டையில் மட்டம் இறங்கினால் ஓட்டம். விந்தில் மட்டம் ஏறினால் ஓட்டம்.

இந்த நொதியமும் சிறுநீரகம் உட்பட வேறு உறுப்புகளில் இருக்கிறது. அது பழுதான ஆண்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாததோடு சிறுநீரகக் கல்லும் வருகிறது. அதனால் நாளாந்தம் விழுங்கி எப்போதும் தடுத்து வைக்கும் மருந்தை அந்தக் குழு தேடவில்லை. சில மணி நேரம் மட்டும் தடுக்கும் மருந்தைத் தேடியது. 2023இல் மெலனி பல்பாக்கும் சக ஆய்வாளர்களும் அப்படியொன்றை ஆண் எலிகளுக்கு ஒரே தடவை கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு பெண் எலியும் கருத்தரிக்கவில்லை. மூன்றாம் மணியில் தடை 91 சதவீதம். 24 மணி நேரத்தில் விந்துக் கலங்கள் பழையபடி நீந்தின. மனிதரில் இன்னும் பல கட்டப் பரிசோதனை பாக்கி. சிறுநீரகத்தில் உள்ள அதே நொதியம் சில மணி நேரம் அடங்கிக் கிடந்தால் கெடுதல் வருமா என்பதையும் அந்தப் பரிசோதனைகள்தான் பார்க்க வேண்டும்.